மாறுபாடு எல்லாம் நோயா?

வேம்பார் போன்ற நம் கடற்கரை ஊர்களில் இன்று புதுவகை உறை ஒன்று வீடுகளுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. நிலப் பத்திரம், படகுச் சான்று, குடும்ப அட்டை ஆகியவற்றோடு அலமாரியில் அதுவும் பத்திரமாக வைக்கப்படுகிறது. தூத்துக்குடியிலோ மதுரையிலோ எடுக்கப்பட்ட வயிற்று சி.டி. ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறை அது. கரிய தாளில் வரிசை வரிசையாகச் சாம்பல்நிற வட்டங்கள். அவற்றோடு ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை. இவற்றை ஏந்திப் பங்கு இல்லத்துக்கு வருவோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சாமி, இதில் போட்டிருப்பது நல்லதா, கெட்டதா?"

அதற்கு விடை கூற வேண்டியவர் மருத்துவர். ஆயினும் அக்கேள்விக்குள் மருத்துவத்தைவிடப் பழமையான மற்றொரு கேள்வி உறைந்திருக்கிறது. ஓர் உடலில் இயல்பு என்பது யாது, பிறழ்வு என்பது யாது? பிறரைப்போல் இல்லாதது எல்லாம் குறையா? பிறரைப்போல் இருப்பது எல்லாம் நலமா? இவ்வினாக்களைச் சரியாகப் பிரித்தறியாவிடில், உடலைக் குறித்து மட்டுமன்றி மனிதரைக் குறித்தும் நாம் தவறான தீர்ப்புகளை வழங்க நேரிடும். ஆதலின், அப்படம் எவ்வாறு உருவாகிறது, அதை மருத்துவர் எவ்வாறு வாசிக்கிறார் என்பதை முதலில் கண்டு, பின்னர் இவ்வினாக்களுக்கு வருவோம்.

நிழலும் வெட்டுமுகமும்

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ரோன்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அக்கதிர்கள் தரும் படம் ஒரு நிழல். விளக்கின் முன் வரிசையாய் நிற்கும் பத்துப் பேரின் நிழல்கள் சுவரில் ஒன்றன்மேல் ஒன்று விழுவதுபோல, முன்னுள்ள உறுப்பும் பின்னுள்ள உறுப்பும் அதில் கலந்துவிடும். எலும்பு முறிவைக் காண அது போதும். கல்லீரல், மண்ணீரல், கணையம், குடல் என மென்மையான உறுப்புகள் நெருங்கிக் கிடக்கும் வயிற்றைக் காண அது போதாது.

இத்தடையை நீக்கியவர் இங்கிலாந்தின் ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு. உடலைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் உள்ளே தங்கிவிட்டது என்று அளந்து, அவ்வளவுகளைக் கணினியிடம் கொடுத்தால், உடலைக் குறுக்கே அரிந்து பார்த்தது போன்ற படம் கிடைக்கும் என்று அவர் காட்டினார். 1971 அக்டோபர் 1 அன்று இலண்டனின் விம்பிள்டன் பகுதியிலுள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை இவ்வாறு படமெடுக்கப்பட்டது. இதற்கு வேண்டிய கணிதத்தை 1963, 1964 ஆண்டுகளிலேயே தனித்து ஆராய்ந்து வெளியிட்டிருந்தவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த இயற்பியலார் ஆலன் கார்மக். இருவரும் 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். தலைக்கு மட்டும் பயன்பட்ட இம்முறையை உடல் முழுவதற்கும் விரித்த முதல் கருவிகளுள் ஒன்று, இயேசு சபையினரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் இராபர்ட் லெட்லி என்பவரால் 1970-களின் முற்பகுதியில் உருவாக்கப்பட்டது.

வயிற்றைப் படமெடுப்பது தலையைப் படமெடுப்பதைவிடக் கடினம். மூச்சு ஏறி இறங்கும்தோறும் கல்லீரலும் சிறுநீரகங்களும் இடம் பெயர்கின்றன, படம் கலங்கிவிடுகிறது. இன்றைய விரைவான கருவிகள் சில விநாடிகளில் வயிறு முழுவதையும் பதிவு செய்கின்றன. அச்சில விநாடிகளுக்கு மூச்சை அடக்குமாறு நோயாளியிடம் சொல்லப்படுகிறது. சங்கு குளித்துப் பழகிய நம் மக்களுக்கு அது பெரிய வேலையன்று!

சாளரம்

இப்படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணின் அலகு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரையே தாங்கியுள்ளது. நீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000 என்பது வரையறை. கொழுப்பு ஏறத்தாழ மைனஸ் 100. கல்லீரல் பொதுவாக 50 முதல் 60. எலும்பு பல நூறுகளில் இருக்கும்; கெட்டியானது 1000-ஐயும் எட்டும். இத்தனை நிறபேதங்களையும் மனிதக் கண் ஒரே நேரத்தில் பிரித்தறிய இயலாது. எனவே மருத்துவர் இவ்வெண் வரிசையில் ஒரு பகுதியை மட்டும் தெரிந்தெடுத்துத் திரையில் விரிக்கிறார். அதனை அவர்கள் 'சாளரம்' என்கின்றனர். மென்மையான உறுப்புகளுக்கென அமைத்த சாளரத்தில் எலும்பு முழுவதும் வெண்மையாகவும் நுரையீரல் முழுவதும் கருமையாகவும் தெரியும். அவற்றுக்குள் இருப்பது மறைந்துபோகும். குடல் கிழிந்து, வயிற்றுக்குள் கசிந்துள்ள சிறு காற்றுக் குமிழியைக் காண வேண்டுமாயின் சாளரத்தை மாற்றியே ஆகவேண்டும். இல்லையேல் கருமையான கொழுப்புக்கு நடுவே அது தென்படாது. அதாவது, எதைக் காண நாம் கண்ணை ஆயத்தப்படுத்தவில்லையோ அது எதிரிலேயே இருந்தும் நமக்கு இல்லாததாகிவிடுகிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. படுத்திருக்கும் நோயாளியை அவருடைய காலடியிலிருந்து நோக்குவது போலவே இப்படங்கள் அமைக்கப்படுகின்றன. எனவே அவருடைய வலப்புறம் நமக்கு இடப்புறம். வலப்பக்கமுள்ள கல்லீரல் படத்தின் இடப்பக்கம் தெரியும். வாசிப்பவர் தம் வலம் இடத்தை மறந்து, எதிரே கிடப்பவரின் வலம் இடத்தைக் கொண்டே எண்ண வேண்டும். இம்முதல் பாடத்தைக் கல்லாதவர் அடுத்த பாடத்துக்குச் செல்ல இயலாது.

இயல்பைக் கற்றல்

கதிரியல் பயிலும் இளம் மருத்துவர் நோய்களைத் தேடிக் கற்பதற்கு முன் இயல்பான வயிற்றையே நூற்றுக்கணக்கான முறை பார்க்கிறார். கல்லீரல், பித்தப்பை, பித்தநாளம், மண்ணீரல், கணையம், அண்ணீரகச் சுரப்பிகள், சிறுநீரகங்கள், பெருந்தமனி, கீழ்ப்பெருஞ்சிரை, இரைப்பை, குடல், நிணநீர்க் கணுக்கள், சிறுநீர்ப்பை, இறுதியாக எலும்புகள் என ஒரே ஒழுங்கில் அவர் கண் செல்லும். செபமாலையில் மணி தவறாமல் விரல் செல்வதைப் போன்ற ஒழுங்கு அது. சிறுநீரகம் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம். வயிற்றுப் பெருந்தமனி ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அகலம், 3-ஐ எட்டினால் வீக்கம். சிறுகுடல் 3 சென்டிமீட்டருக்கும் பெருங்குடல் 6-க்கும் அதன் தொடக்கப் பையான பெருங்குடல்வாய் 9-க்கும் மேல் விரிந்தால் ஐயம் கொள்ள வேண்டும். இவை அவர் மனத்தில் பதிந்த அளவுகள்.

அளவுகளைவிட நுட்பமானது அண்டை உறுப்புகளோடு ஒப்பிடுதல். மருந்து செலுத்தாமல் எடுத்த படத்தில் நலமான கல்லீரல் மண்ணீரலைவிடச் சற்று வெண்மையாக இருக்கும். அதைவிடக் கறுத்திருந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என அறியலாம். அவ்வாறே குடல்வால் அழற்சியின்போது குடல்வால் தடிப்பதோடு, அதைச் சுற்றியுள்ள கொழுப்பும் தன் தெளிவை இழந்து புகைபடிந்தாற்போல் கலங்குகிறது. ஒரு வீட்டில் துயரம் என்பதை அடுத்த வீட்டார் முகம் காட்டிவிடுவது போன்றது இது. பொதுவாக நாம் வெறுக்கும் கொழுப்பே இங்கே உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் வரப்பாகவும் நோயைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியாகவும் அமைகிறது. மிக மெலிந்தவரின் வயிற்றுப் படத்தை வாசிப்பது கடினம் என்பதற்கும் இதுவே காரணம்.

இயல்பு இன்னதென்று நூல்கள் கூறிவிட்டால் போதாதா? வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் விலங்குகளை அறுத்துப் பார்த்தே மனித உடலை விளக்கினார். மனிதக் கல்லீரலுக்கு ஐந்து மடல்கள் என்பது அவர் வழிவந்த மரபு. 1538-இல் வெசாலியுஸ் வெளியிட்ட படங்களிலும் ஐந்து மடல்களே இருந்தன. மனித உடல்களைத் தம் கையாலேயே அறுத்து ஆராய்ந்த பின்னர், 1543-இல் வெளியிட்ட பெருநூலில் அவர் அதைத் திருத்தினார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கற்றோர் அனைவரும் 'இயல்பு' என்று நம்பியது ஒரு விலங்கின் இயல்பே! தமிழில் உடற்கூறு கற்பிக்க முனைந்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் மருத்துவரும் இங்கே நினைக்கத்தக்கவர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் பயிற்றுவித்து, மேலை நாட்டு நூல்களைத் தம் மாணவர் துணையோடு தமிழாக்கினார் அவர். 1872-இல் வெளியான 'மனுஷ அங்காதிபாதம்' அவற்றுள் ஒன்று. தன் வயிற்றினுள் இருப்பதைத் தன் மொழியில் பெயர் சொல்லி அறியும் உரிமை நோயாளிக்கும் உண்டு என்பதை அம்முயற்சி நமக்கு நினைவூட்டுகிறது.

வலம்புரி

இயல்பை நன்கு கற்றவருக்கு அடுத்து ஒரு வியப்பு காத்திருக்கிறது. இயல்பு ஒரே வார்ப்பில் வருவதில்லை. மண்ணீரலுக்கு அருகில் சிறு மணி போன்ற துணை மண்ணீரல் பத்துப் பேரில் ஒருவருக்கேனும் உண்டு. சிலருக்குக் கல்லீரலின் வலப்பகுதி நாக்குப்போல் கீழ்நோக்கி நீண்டிருக்கும். கையால் தடவிப் பார்ப்பவர் அதைக் கட்டி என்று கருதிவிடலாம். ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இரு சிறுநீரகங்களும் கீழே இணைந்து குதிரை லாடம்போல் அமைந்திருக்கும். ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இதயம் வலப்புறம், கல்லீரல் இடப்புறம், மண்ணீரல் வலப்புறம் எனக் கண்ணாடியில் தெரியும் உருவம்போல் அனைத்தும் இடம் மாறியிருக்கும். இவர்களுள் பலர் அதை அறியாமலே வாழ்ந்து முடிகின்றனர்.

நம் கடற்கரை மக்களுக்கு இதை விளக்க நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் எடுக்கப்படும் சங்குகளில் இடம்புரியே வழக்கம். வலம்புரி மிக அரிது. இரண்டும் ஒரே இனம். ஒரே கடல், ஒரே உணவு. சுழலும் திசை மட்டுமே வேறு. அவ்வேறுபாட்டுக்காக நாம் வலம்புரிக்குப் பெருவிலை கொடுத்துப் போற்றுகிறோம். அதே வேறுபாடு ஒரு மனிதரின் வயிற்றில் இருப்பதாக அறிக்கை கூறினால், வீடே கலங்குகிறது. பெண்ணாயின் திருமணப் பேச்சே நின்றுவிடுமோ என அஞ்சுகிறது. சங்குக்குப் பெருமையும் மனிதருக்கு இழிவும் தருவது எது? அந்தச் சங்கின் நலனையும் நாம் எண்ணவில்லை, அந்த மனிதரின் நலனையும் எண்ணவில்லை. ஒன்றில் சந்தையும் மற்றதில் ஊர்வாயுமே அளவுகோலாயின.

இதனால் இம்மாறுபாடுகளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று கொள்ளலாகாது. உறுப்புகள் இடம் மாறியவருக்குக் குடல்வால் அழற்சி வந்தால் வலி இடப்பக்கம் தோன்றலாம். அதை அறியாத மருத்துவர் ஏமாறக்கூடும். லாடச் சிறுநீரகம் உள்ளவருக்கு அறுவை செய்வோர் அதை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். மாறுபாடு நோயன்று, ஆயினும் அறியப்பட வேண்டியது. மறைப்பது எவ்வளவு தவறோ, அஞ்சுவதும் அவ்வளவு தவறே.

மூலைமட்டம்

இங்கே தத்துவம் நம் துணைக்கு வருகிறது. ஐரோப்பிய மொழிகளில் 'இயல்பு' என்பதற்கு வழங்கும் சொல், 'நோர்மா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. தச்சன் கையிலுள்ள மூலைமட்டமே நோர்மா. மூலைமட்டம் இரண்டு பலகைகள் எவ்வாறு இருக்கின்றன என்பதைக் காட்டுவதோடு எவ்வாறு இருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறது. இதிலிருந்து அச்சொல்லில் இரு பொருள்கள் கலந்துவிட்டன: பெரும்பாலோரிடம் காணப்படுவது என்பது ஒன்று, இருக்க வேண்டியது என்பது மற்றொன்று. 1943-இல் பிரெஞ்சு மருத்துவரும் மெய்யியலாருமான ஜார்ஜ் கங்கியம் இயல்பையும் நோயையும் குறித்து எழுதிய ஆய்வு, சராசரியிலிருந்து விலகுவது ஒன்றாலேயே எதுவும் நோயாகிவிடாது என வாதிட்டது. தன் சூழலில் ஓர் உயிர் எவ்வளவு நெகிழ்வோடு வாழ முடிகிறது என்பதே அவர் கொண்ட அளவு.

வயிற்றுப் படங்கள் இதற்குச் சான்று பகர்கின்றன. கல்லீரலில் கொழுப்பு படிதல் இன்று மிகப் பரவலாகக் காணப்படுகிறது. பரவலாய் இருப்பதால் அது நலமாகிவிடாது. உறுப்புகள் இடம் மாறியிருத்தல் மிக அரிது. அரிதாய் இருப்பதால் அது கேடாகிவிடாது. எண்ணிக்கை நமக்கு உதவும். தீர்ப்பை அதனிடம் ஒப்படைக்க இயலாது.

பின் எதைக் கொண்டு தீர்ப்பது? குருமடத்தில் நாம் பயின்ற பழைய பாடமொன்று இங்கே எதிர்பாராத ஒளி தருகிறது. தீமை என்பது தனியொரு பொருளன்று, இருக்க வேண்டிய நன்மை இல்லாமற்போவதே என்று புனித அகுஸ்தினாரும் புனித தாமஸ் அக்குவினாரும் கற்பித்தனர். 'இருக்க வேண்டிய' என்னும் சொல்லில்தான் முழுக் கருத்தும் தங்கியுள்ளது. கல்லுக்குப் பார்வை இல்லை, அது குறையன்று. மனிதருக்கு மானின் வேகமோ சிங்கத்தின் வலிமையோ இல்லை. அதுவும் குறையன்று என்கிறார் அக்குவினார். ஒன்றுக்கு உரிய நன்மை அதனிடமிருந்து பறிக்கப்படும்போதே அது கேடு. இதை அறிக்கைக்குப் பொருத்திப் பார்ப்போம். துணை மண்ணீரல் அவ்வுடலிலிருந்து எதைப் பறித்தது? ஒன்றையும் இல்லை. மெல்லிய சுவரும் நீரை ஒத்த எண்ணும் உடைய எளிய சிறுநீரக நீர்க்கட்டி எதைப் பறித்தது? பெரும்பாலும் ஒன்றையும் இல்லை. 5 சென்டிமீட்டராய் விரிந்த பெருந்தமனி? வலியே இல்லாவிடினும் அது அம்மனிதரின் பாதுகாப்பைப் பறித்துக்கொண்டிருக்கிறது.

இறுதி எடுத்துக்காட்டு மற்றோர் எச்சரிக்கையையும் தருகிறது. உறுப்புகள் ஓசையின்றி இயங்குவதே உடல்நலம் என்று கருதுவோர் உண்டு. அமைதி சில வேளைகளில் ஏமாற்றும். கணையத்தில் வளரும் புற்று நெடுநாள் ஓசையின்றி இருக்கக்கூடும். ஆகவே தவறு இருவகைப்படும். வேறுபாட்டை நோய் என்று கொள்வது ஒன்று. அமைதியை நலம் என்று கொள்வது மற்றொன்று. அஞ்சுபவர் முதலாவதில் விழுகிறார். அசட்டையாய் இருப்பவர் இரண்டாவதில் விழுகிறார்.

யாருடைய நன்மையை அளவாகக் கொள்வது என்பதிலும் தெளிவு வேண்டும். முத்தை எண்ணிப்பாருங்கள். தூத்துக்குடிக் கரையில் அரசு நடத்திய பெரிய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது; எனினும் முத்து இன்னும் நம் பெருமையாக நிற்கிறது. சிப்பியின் சதைக்குள் தோன்றும் சிறு பைக்குள் அடுக்கடுக்காய்ப் படிந்த கட்டியே முத்து. சிப்பிக்கு மருத்துவர் இருந்து அறிக்கை எழுதினால் அதை இயல்பான உறுப்பு என்று எழுதமாட்டார். நமக்கோ அது செல்வம்! பார்ப்பவரின் பயனை அளவாகக் கொண்டால் பிறழ்வும் பெருமையாகும், இயல்பும் குறையாகும். எந்த உடலைக் குறித்துப் பேசுகிறோமோ அந்த உடலின் நன்மையே அளவுகோலாதல் வேண்டும்.

காலமும் கண்ணும்

சரியான அளவுகோல் கையிலிருந்தும் தீர்ப்பு தவறக்கூடும். வேம்பார்ப் பகுதி கருப்பட்டிக்குப் பெயர் பெற்றது. பனையேறுவோர் தவறி விழுந்து இடப்பக்க விலாவில் அடிபட்டால், மண்ணீரல் கிழிந்ததா என்று அறிய ஸ்கேன் எடுப்பர். பிறவியிலேயே மண்ணீரலின் ஓரத்தில் பிளவுகள் உடையோர் உண்டு. அப்பிளவு படத்தில் கிழிசலைப்போலவே தோன்றலாம். பிளவின் ஓரம் வழுவழுப்பாக இருக்கிறதா, சுற்றிலும் இரத்தம் கசிந்துள்ளதா என்று பார்த்தே மருத்துவர் தெளிகிறார். பிளவைக் கிழிசல் என்று கொண்டால் வேண்டாத அறுவை. கிழிசலைப் பிளவு என்று கொண்டால் ஓர் உயிர்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. இரத்தக் குழாயில் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி அரை நிமிடத்துக்குள் படமெடுத்தால், முற்றிலும் நலமான மண்ணீரலும் வரிக்குதிரையின் தோல்போல் பட்டை பட்டையாய்த் தெரியும். அனுபவமில்லாதவர் அதை நோய் என்றே சொல்லிவிடுவார். மேலும் அரை நிமிடம் பொறுத்து எடுத்தால் அதே மண்ணீரல் சீரான ஒரே நிறமாய் விளங்கும். உறுப்பில் குற்றமில்லை, பார்த்த நேரமே பொருந்தவில்லை. மனிதரைக் குறித்தும் அவசரத்தில் கண்டதைக் கொண்டு நாம் எழுதிவிட்ட அறிக்கைகள் எத்தனை!

கற்ற கண்ணும் தவறுவதுண்டு. 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் ஸ்கேன் படங்களில் சிறு கட்டிகளைத் தேடுமாறு 24 கதிரியல் மருத்துவர்களிடம் கூறப்பட்டது. ஒரு படத்தில் கட்டியைவிடப் பன்மடங்கு பெரிய கொரில்லாக் குரங்கின் உருவம் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்தது. 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அவர்களுள் பலருடைய கண்பார்வை அதன்மேலேயே பட்டதும் கருவியால் பதிவாகியிருந்தது. தேடியதையே கண்டனர், தேடாததைக் காணவில்லை. ஒரு குறையைக் கண்டவுடன் தேடல் முடிந்தது என மனம் நிறைவடைந்து, இரண்டாவதைத் தவறவிடுவதும் இத்துறையினர் நன்கறிந்த இடர். உறுப்பு உறுப்பாக ஒழுங்கு மாறாமல் பார்க்கும் பழக்கம் இதற்காகவே கற்பிக்கப்படுகிறது.

மறுபுறம், தேடாமலே கிடைப்பவையும் உண்டு. வேறு காரணத்துக்காக எடுத்த வயிற்று ஸ்கேன்களில், 100-க்கு நான்கைந்து பேரிடம் அண்ணீரகச் சுரப்பியில் சிறு கட்டி தென்படுகிறது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆயினும் அச்சொல் அறிக்கையில் ஏறியவுடன் வீட்டில் உறக்கம் போய்விடுகிறது. ஒரு வயிற்று ஸ்கேன் தரும் கதிர்வீச்சு பொதுவாக 10 மில்லிசீவெர்ட் அளவுக்கு அண்மையில் இருக்கும். இயற்கையிலிருந்து ஒருவர் ஓராண்டில் பெறும் அளவின் உலகச் சராசரி ஏறத்தாழ 2.4. தேவையுள்ளபோது அந்த இடரை ஏற்பது முறை. அச்சத்தால் மட்டும் மீண்டும் மீண்டும் எடுப்பது முறையன்று. படகுக் கடனிலும் வலைக் கடனிலும் வாழும் குடும்பம் தீங்கற்ற நீர்க்கட்டிக்காக நகையை அடகு வைப்பது உடலுக்கும் உதவாது, உள்ளத்துக்கும் உதவாது.

நாம் செய்யத்தக்கவை

அறிக்கையின் முடிவில் பெரும்பாலும் ஒரு தொடர் காணப்படும்: நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் என்பது அதன் பொருள். படம் தன் எல்லையைத் தானே ஒப்புக்கொள்ளும் இடம் அது. வலி எங்கே, எப்போது, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா என்பவற்றைச் சொல்லவல்லவர் அம்மனிதர் ஒருவரே. எனவே அறிக்கையை உறவினர் மட்டும் வாங்கி ஒளித்துவைக்கும் நம் வழக்கம் மறுசிந்தனைக்குரியது. துன்பச் செய்தியை எவ்வளவு, எப்போது, எந்தச் சொற்களில் கூறுவது என்பதில் இரக்கம் வழிகாட்டட்டும். ஆயினும் தன் உடலைக் குறித்த உண்மை தன்னைத் தவிர ஊரார் அனைவருக்கும் தெரிந்திருக்கும் நிலை எந்த நோயாளிக்கும் வரலாகாது. மரணத்துக்கு ஆயத்தம் செய்யவும், மனைவி மக்களோடு மனம் விட்டுப் பேசவும், கடனைத் தீர்க்கவும், பகையை மன்னிக்கவும் அவருக்குக் காலம் வேண்டும். அக்காலத்தை அன்பின் பெயரால் பறிப்பதும், உரிய நன்மையைப் பறிக்கும் தீமையே.

மருத்துவரிடம் மூன்று கேள்விகளைத் துணிந்து கேட்கலாம். இது மாறுபாடா, நோயா? நோயெனில் எதைப் பறிக்கிறது அல்லது எதைப் பறிக்கக்கூடும்? இப்போதே செயல்பட வேண்டுமா, காத்திருந்து மீண்டும் பார்க்கலாமா? ஸ்கேனுக்குச் செல்லும் பெண்கள் கருவுற்றிருக்க வாய்ப்பு இருப்பின் அதையும், எவராயினும் முன்னர் மருந்து ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருப்பின் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுதல் வேண்டும்.

அண்டை வீட்டாராகிய நமக்கும் ஒரு கடமையுண்டு. பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவத்தால் வந்தது என்று வினவியதையும், அவ்வினாவையே ஆண்டவர் ஏற்க மறுத்ததையும் யோவான் நற்செய்தி 9-ஆம் அதிகாரம் எடுத்துரைக்கிறது. அந்த வினா இன்னும் நம் தெருக்களில் ஓயவில்லை. கட்டியையும் பிறவி மாறுபாட்டையும் பாவக் கணக்கில் எழுதுவோர் மருத்துவத்தையும் அறியார், நற்செய்தியையும் அறியார்.

இறுதியாக ஒன்று. ஐயத்துக்குரிய எதையேனும் காணும்போது கதிரியல் மருத்துவர் கேட்கும் கேள்வி, பழைய படம் இருக்கிறதா என்பது. சில ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்திலும் அதே இடத்தில், அதே அளவில், அதே வடிவில் அது இருந்திருப்பின் அவர் அச்சம் பெரிதும் தணிகிறது. புதிதாய்த் தோன்றியிருந்தாலோ வளர்ந்திருந்தாலோ அவர் விழித்துக்கொள்கிறார். ஆயிரம் பேரின் சராசரியைவிட அவ்வுடலின் நேற்றைய நிலையே அவருக்கு நம்பகமான சான்று. எனவே பழைய படங்களை எறிந்துவிடாது பேணி வைப்போம். அதோடு, ஒருவரை அடுத்த வீட்டாரோடு ஒப்பிட்டு 'இப்படியும் ஒருவரா?' என்று முகம் சுளிக்கும் முன், அவருடைய பழைய படத்தையும் கேட்டு வாங்கிப் பார்ப்போம். நேற்றிருந்த நிலையிலிருந்து அவர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பது அப்போது விளங்கும்.